பின்திரைப் பேருண்மை: வெள்ளானூர் முகூர்த்தப் படங்களை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

ஆவடிக்கு வடக்கே, வெளிவட்டச் சாலைப் பக்கம் இருக்கும் வெள்ளானூரில் கல்யாணப் படம் எடுப்போரை ஒரு தத்துவச் சிக்கல் வாட்டிவருகிறது. தாலி ஏறியதும் மாப்பிள்ளையின் அத்தை, "தம்பி, எங்க காட்டு" என்று கேமராவின் பின்திரையை எட்டிப் பார்க்கிறார். அரக்குப் பட்டு அரக்காகவே இருக்கிறது. "நல்லா வந்திருக்கு, இப்படியே ஆல்பம் போட்ருப்பா" என்று உத்தரவும் ஆகிறது. இரவு அதே படத்தின் ரா ஃபைலை, அதாவது கேமரா பதிவுசெய்த மூலத் தரவை, அடோபியின் லைட்ரூம் மென்பொருளில் திறந்தால் முதலில் அத்தை பார்த்த படமே வருகிறது. கண் சிமிட்டுவதற்குள் பட்டு சோர்ந்து, குங்குமம் செங்கல் நிறமாகி, மணப்பெண் மூன்று நாள் விரதம் இருந்தவள் போல் ஆகிவிடுகிறாள். அந்தக் கண்சிமிட்டலே இவ்வாய்வின் பொருள். இதற்கு முன் எவரும் இதை ஆராயாததற்குக் காரணம், அவரவருக்கு ஆல்பம் கொடுக்கும் தேதி நெருங்கியிருந்ததே.

பூர்வபட்சம்: ராவே மெய், அத்தை கண்டது மாயை.

இதை மறுக்கிறோம். ராவில் பட்டுப்புடவையே கிடையாது. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற வடிகட்டி முறைப்படி, சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஒரு நிறத்தின் வெளிச்சத்தை மட்டும் அளக்கிறது. நான்கில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். 14 பிட் கேமராவில் ஒவ்வொரு அளவுக்கும் 16,384 படிகள், ஜேபெக்கில் 256தான். ஆக, ரா என்பது மூலம். அதற்கு கேமரா எழுதும் உரையே ஜேபெக். அந்த உரையின் ஒரு பிரதியை ரா ஃபைலுக்குள்ளேயே கேமரா ஒளித்தும் வைக்கிறது. அத்தைக்குக் காட்டியது அதைத்தான். லைட்ரூம் முதலில் அதைக் காட்டிவிட்டு, பிறகு தூக்கிப் போட்டுவிட்டு அடோபியின் உரையை எழுதுகிறது. உரையாசிரியர்கள் முரண்படுவது தமிழ் வாசகருக்குப் புதிதல்ல.

முரண்பாட்டைத் தீர்க்க முயல்வோரில் பெரும்பான்மையினர் இழுப்புவாதிகள். கான்ட்ராஸ்ட் பட்டையைக் கொஞ்சம், சாச்சுரேஷன் பட்டையைக் கொஞ்சம் என நள்ளிரவு தாண்டியும் இழுப்பார்கள். அரக்கு சரியானால் முகம் தக்காளியாகும். முகத்தை இறக்கினால் மாலையிலுள்ள ரோஜா வாடும். இதில் வியப்பில்லை. கேமரா எல்லா நிறத்தையும் ஒரே அளவில் தூக்குவதில்லை. சிவப்புக்கு ஒரு நியாயம், தோல் நிறத்துக்கு ஒரு நியாயம், வெளிச்சப் பகுதிக்குத் தனி வளைவு என்று அட்டவணை வைத்திருக்கிறது. ஒற்றைப் பட்டையை இழுத்து அந்த அட்டவணையைப் பிடிக்க முடியாது. "அண்ணே, பிரீசெட் வாங்கிட்டா சரியாயிடும்" என்று உதவியாளர் சொல்வதை ஆய்வுலகம் ஆதாரமாக ஏற்பதில்லை.

இரண்டாம் மரபினர் சோம்பேறிகள், ஆகவே அறிவாளிகள். கேமராக்காரர்களின் நிறத்தைப் போலச் செய்யும் புரொஃபைல்களை அடோபி 2008இலிருந்தே தருகிறது. 'அடோபி கலர்' என்றிருப்பதை 'கேமரா ஸ்டாண்டர்ட்' என்று மாற்றினால் முக்கால் வழக்கு முடிந்தது. இலவசமாகக் கிடைக்கும் ராதெரபி மென்பொருளோ 2018இலிருந்து, ஒளிந்திருக்கும் ஜேபெக்கைத் தானே பார்த்து வெளிச்ச வளைவை ஒத்துப்போகச் செய்கிறது. நிறத்தை மட்டும் நம் தலையில் கட்டிவிடும்.

குருகுல மரபும் உண்டு. நிக்கானின் என்எக்ஸ் ஸ்டூடியோவும் கேனானின் டிஜிட்டல் போட்டோ புரொஃபஷனலும் சொந்தக்காரர்களின் மென்பொருள் என்பதால் அத்தை பார்த்ததையே காட்டும். ஃபியூஜிஃபில்ம் 2017இல் இன்னும் ஒரு படி போனது: எக்ஸ் ரா ஸ்டூடியோவில் கேமராவை யுஎஸ்பி கேபிளால் கம்ப்யூட்டரோடு கட்டினால், கேமராவே உட்கார்ந்து உரை எழுதிக் கொடுக்கும்.

இடைச்செருகலாக ஒரு எச்சரிக்கை. நிக்கானில் ஆக்டிவ் டி-லைட்டிங் போட்டு எடுத்தால், மாப்பிள்ளையின் வேட்டி வெளுத்துப்போகாமல் இருக்கக் கேமரா வெளிச்சத்தைக் குறைத்து எடுத்து, நிழலைத் தன் ஜேபெக்கில் மட்டும் தூக்கிவிடும். வேறு மென்பொருளில் படம் இருட்டாகத் திறக்கும். அதைப் பார்த்து, "பொண்ணு நேர்ல கலரா இருந்தாளே" என்று வரும் புகாரில் பாதி தொழில்நுட்பம். மீதிப் பாதிக்கு எந்தப் புரொஃபைலும் மருந்தல்ல. அதற்குப் பணிந்து பெண்ணின் முகத்தைச் சுண்ணாம்பாக்குவது குற்றம் என்பதே நம் கட்சி.

அப்படியானால் ரா எதற்கு? ஹோமப் புகைக்கும், ஊதா எல்இடி அடித்த வரவேற்பு மேடைக்கும், வெளிச்சத்தில் கரையப் பார்க்கும் வேட்டிக்கும். மற்ற படங்களுக்கெல்லாம் கேமரா தந்த ஜேபெக்கே போதும். ஆகவே தொழில்புரிவோருக்கு விண்ணப்பம்: ராவும் ஜேபெக்கும் சேர்த்தே எடுங்கள், ஹார்ட் டிஸ்க் இன்னொன்று வாங்குங்கள். அதற்கும் வழியில்லையென்றால், பந்தி முடியும்வரை பின்திரையை அத்தைக்குக் காட்டாதீர்கள்.