அச்சாபீஸ் பிள்ளை

கேள்வி: அப்பாவின் சின்ன அச்சகம் கடனில் தத்தளிக்கிறது. காலண்டர் ஆர்டரும் குறைந்துவிட்டது. நொடித்துப்போன அச்சக வீட்டுப் பையன் யாராவது மேலே வந்திருக்கிறானா?
- வாசகர், சிவகாசி

பதில்: ஆஸ்கர் வரைக்கும் வந்திருக்கிறார், தம்பி! கல்கத்தாவில் தாத்தா உபேந்திரகிஷோர் தொடங்கிய 'யு. ராய் அண்ட் சன்ஸ்' ஹாஃப்டோன் பிளாக்குக்குப் பேர்போன அச்சகம். அப்பா சுகுமார் இங்கிலாந்து போய் அச்சுத்தொழில் படித்தவர். 1923-இல் அவர் இறந்தபோது மகனுக்கு இரண்டு வயது. சில ஆண்டுகளில் அச்சகமும் கைவிட்டுப் போனது. அம்மாவும் பிள்ளையும் மாமா வீட்டில் அடைக்கலம்.

அச்சகம் கைவிட்டுப் போவதற்கு முன்பே பையன் தன் கிறுக்கல்களை அச்சகத்துக்கு எடுத்துப்போய், குடும்பப் பத்திரிகையான 'சந்தேஷ்' இதழில் போடச் சொல்லி நிற்பானாம்! அங்கே பழகிய டர்பன்டைன் வாசனை வயதான பிறகும் அவருக்கு மறக்கவில்லை. வளர்ந்து புத்தக அட்டைகள் வரைந்தார். 'பதேர் பாஞ்சாலி'யின் சிறுவர் பதிப்புக்குப் படம் போட்டபோதுதான் அதைச் சினிமாவாக்கும் ஆசை பிறந்தது. ஆமாம், சத்யஜித் ராய்தான். நின்றுபோன 'சந்தேஷை' 1961-இல் மீண்டும் கொண்டுவந்தார்.

கடன்காரர் மெஷினை ஜப்தி செய்யலாம், கைத்தொழிலை ஜப்தி செய்ய முடியாது. இன்று ராத்திரி மெஷின் ஓடும்போது அப்பா பக்கத்தில் போய் நில்லுங்கள், தம்பி.