எந்த ஊர்க் கை

தலைப்பகுதியில் பெயர் இல்லை. பெயர்த்தகடு இருந்த இடத்தில் இரண்டு சின்ன ஆணித்துளைகள்தான் இருக்கின்றன. முகப்பலகை வயலினுடையதைப்போல மேடிட்டு வளைந்திருக்கும். நடுவில் வட்டத் துளை கிடையாது. இரு பக்கமும் பூனைக்கண் வடிவில் நீளத் துளைகள். ஆர்ச்டொப் கிற்றார். இன்று இப்படி ஒன்று கையில் கிடைத்தால், யார் செய்தது, எந்த வருடம், என்ன பெறுமதி என்று தேடித் தேடிக் கேட்கிறார்கள். நான் இதை வாங்கிய எண்பதுகளின் நடுப்பகுதியில், ஜேர்மனியின் எர்லாங்கன் பக்கத்துப் பழஞ்சாமான் சந்தைகளில் இவை ஓட்டைச் சைக்கிளுக்கும் உடைந்த றேடியோவுக்கும் நடுவே சாத்திக் கிடந்தன. கேட்டால் சொல்லக்கூடியவர்கள் அன்று அதே ஊர்களில் உயிரோடு இருந்தார்கள். கேட்கத்தான் ஆள் இல்லை.

நாங்கள் அப்போது அகதிகள் விடுதியில் இருந்தோம். கிழக்கு பேர்லின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ஃப்ரீட்றிக்ஸ்ட்ராஸ ரயில் நிலையத்தால் மேற்கு பேர்லினுக்கு வந்து, பிறகு அரசு அனுப்பிய ஊருக்குப் போய்ச் சேர்ந்த யாழ்ப்பாணத்துப் பெடியள் பலர். நானும் அப்படி வந்தவன்தான். வேலை செய்ய அனுமதி இல்லை. மாவட்ட எல்லையைத் தாண்ட அனுமதி இல்லை. பகல் முழுக்க வெறுமையாகக் கிடந்தது. நித்தி கனகரத்தினத்தின் பொப் பாட்டுகளோடு வளர்ந்தவனுக்கு அந்த நேரத்தில் ஒரு கிற்றார் கட்டாயம் வேண்டியிருந்தது.

"உந்தப் பழசை ஏன்ரா தூக்கிக்கொண்டு வந்தனீ? குளிருக்கு எரிக்கவோ?" என்றார் அறையில் இருந்த அண்ணை.

"அண்ணை, விளிம்பை விரலாலை நல்லாத் தேய்ச்சுப்போட்டு மணந்து பாருங்கோ."

தேய்த்தார். மணந்தார். பிறகு கிற்றாரைத் தன் மடிக்கு எடுத்துக்கொண்டார். "டேய், கற்பூரமெல்லோ!"

விளிம்பில் ஓடும் கறுப்பு வெள்ளைப் பட்டை செலுலாயிட். அதைச் செய்யக் கற்பூரம் சேர்ப்பார்கள். பின்னாளில் வந்த பிளாஸ்ரிக் பட்டைகளில் அந்த வாசம் வராது. ஒரு பழைய ஆர்ச்டொப்பைப் பற்றி இன்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: தேய்த்து மணந்து பாருங்கள்.

ஊரில் இருந்த ஒரு இசைக்கருவிக் கடைக்குக் கொண்டுபோனேன். முன்பக்கத்தை ஒரு தரம் பார்த்தார்கள், திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. விறகு என்றார்கள், ஜப்பான் கிற்றார் ஒன்று வாங்கச் சொன்னார்கள். அந்தக் காலத்தில் அது எல்லோருடைய கருத்தும்தான். முன்பு அப்படி இல்லை. கிப்சன் நிறுவனம் 1922இல் எல்-5 என்ற ஆர்ச்டொப் மாதிரியைக் கொண்டுவந்ததற்குக் காரணமே சத்தம்: பித்தளை வாத்தியங்கள் முழங்கும் குழுவில் கிற்றாரும் கேட்க வேண்டும். போருக்குப் பிறகு அமெரிக்கப் படை வானொலியில் ஜாஸ் கேட்டு வளர்ந்த ஜேர்மன் இளைஞர்கள் அதே வகைக் கிற்றாருக்கு ஆசைப்பட்டார்கள். ஹொஃப்னர், ஃப்ராமுஸ், ஹோயர் என்று உள்ளூர்ப் பட்டறைகள் ஐம்பதுகளில் செய்து குவித்தன. அறுபதுகளில் அந்த ஆசை மின்கிற்றாருக்குத் தாவிவிட்டது. போல் மக்கார்ட்னி 1961இல் ஹம்பேர்க்கில் வாங்கிய வயலின் வடிவ பேஸ் கிற்றார் பூபென்ரொய்த் என்ற சிறிய ஊரில் ஹொஃப்னர் செய்தது. அவர் அதைத் தூக்கிக்கொண்டு உலகமெல்லாம் போனார். அவரைப் பார்த்த பிள்ளைகள் அதே ஊர் செய்த ஆர்ச்டொப்புகளைப் பரணில் போட்டார்கள். எழுபதுகளில் ஃப்ராமுஸ் மூடப்பட்டது.

விடுதிக்கு அடுத்த தெருவில் ஒரு முதியவர் இருந்தார். கிற்றார்ப் பட்டறைகளில் வேலை செய்து ஓய்ந்தவர். கிற்றாரோடு நடந்துபோன என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார். அரைகுறை மொழியில் நான் கேட்க, அவர் சைகையும் சொல்லுமாகக் காட்டிய அந்தப் பிற்பகலில்தான் ஒரு கருவியை வாசிப்பது எப்படி என்று எனக்குத் தெரிந்தது.

அவர் கிற்றாரில் பெயரைத் தேடவே இல்லை. முதலில் கட்டைவிரலைப் பூனைக்கண் துளையின் உள்விளிம்பில் ஓட்டினார். பிறகு பல் வைத்தியரின் சின்னக் கண்ணாடியையும் டோர்ச் லைற்றையும் எடுத்துவந்து காட்டினார். துளையின் வெட்டுமுகத்தில் அடுக்கடுக்காகக் கோடு தெரிந்தால் அது ஒட்டுப்பலகை, அச்சில் வைத்து அழுத்தி வளைத்தது. மேலே தெரியும் மர ரேகை வெட்டுமுகத்தினூடாக அப்படியே இறங்கி உட்பக்கத்திலும் தொடர்ந்தால் முழு மரம். என்னுடையது முழு ஸ்ப்ரூஸ். கண்ணாடியில் உட்பக்கம் தெரிந்தது: சீவுளி போன தடங்கள், ஓரத்தை நெருங்க நெருங்க மெலியும் பலகை. கையால் குடைந்து எடுத்த முகப்பு. பின்பலகையோ ஒட்டுப்பலகை. விலையை அடக்க முன்னுக்கு நல்ல மரம், பின்னுக்கு மலிந்த மரம்.

கழுத்தில் நட்டுக்கு ஒட்டினாற்போல் கூடுதலாக ஒரு ஃப்ரெட் இருந்தது. ஸீரோ ஃப்ரெட் எனப்படும் இதை வைப்பது ஜேர்மன் பட்டறைக்காரரின் பழக்கம். கழுத்துக்குள் இழுவிசையைச் சரிசெய்யும் இரும்புக்கம்பி இல்லை. விரல்பலகை கருங்காலிபோல இருந்தது. அதன் கடைசி முனையைக் கத்தி நுனியால் ஒரு மயிரளவு சுரண்டினார், வெளிறிய மரம் தெரிந்தது. உள்ளூர் மரத்துக்குக் கறுப்புச் சாயம். வெளிநாட்டு மரம் கிடைக்காத, போருக்குப் பிந்திய முதல் வருடங்கள் என்றார். குடைந்த கை ஷோன்பாக் கை. கழுத்து வேறு வீட்டில் செய்தது. வார்னிஷ் மூன்றாவது ஆள். பெயர்? அது விற்ற வியாபாரியுடையதாக இருந்திருக்கும், செய்தவனுடையது அல்ல என்று தலையை ஆட்டினார்.

ஷோன்பாக் பொஹீமியாவில், இன்றைய செக் நாட்டில் இருக்கிறது. இப்போதைய பெயர் லூபி. எல்லைக்கு இந்தப் பக்கம், சாக்சனியில், மார்க்நொய்கிர்ஹென். இரண்டு ஊருக்கும் தொழில் ஒன்று. ஒரு வீடு கழுத்து செய்யும், ஒரு வீடு உடல் செய்யும், வியாபாரிகள் வாங்கிச் சேர்த்துத் தங்கள் பெயரில் ஏற்றுமதி செய்வார்கள். மார்க்நொய்கிர்ஹெனில் 1677இல் வயலின் செய்வோர் சங்கத்தைத் தொடங்கியவர்களே, மதத்துக்காகப் பொஹீமியாவிலிருந்து துரத்தப்பட்ட புரொட்டஸ்தாந்துகள். அதே ஊர்க்காரரான சி. எஃப். மார்ட்டின் 1833இல் நியூயோர்க் போனார்; அமெரிக்காவின் மார்ட்டின் கிற்றார் அங்கே பிறந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஷோன்பாக்கின் ஜேர்மன் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. 1887இல் அங்கே தொடங்கிய ஹொஃப்னரும் கிளம்ப வேண்டியதாயிற்று. ஃப்ராமுஸைத் தொடங்கிய ஃப்ரெட் வில்ஃபரும் அந்தப் பக்கத்துக்காரர்தான். சில நூறு பேரே வாழ்ந்த பூபென்ரொய்த் கிராமம், தன்னைவிடப் பெரிய அந்தக் கூட்டத்தை ஏற்றுக்கொள்ள 1949இல் சம்மதித்தது. எனக்குக் கண்ணாடி பிடித்துக் காட்டிய கிழவரும் கையில் தூக்கக்கூடிய பொதியோடு வந்து இறங்கியவர்தான். அதை அவர் சொன்னபோது நான் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. அவருக்கு நான் இருந்த விடுதி எது என்று தெரியும்.

ஒரே கை மூன்று நாடுகளில் சிதறியது. மேற்கே பவேரியாவில் புதுப் பட்டறைகள். கிழக்கே மார்க்நொய்கிர்ஹெனில் மூசிமா என்ற அரச நிறுவனம். லூபியில், தொழில் தெரிந்தவர்கள் வேண்டும் என்று நிறுத்தி வைக்கப்பட்ட சிலர். பெயரில்லாத ஒரு ஆர்ச்டொப்பை இனங்காணுவது கடினம் என்று சேகரிப்பவர்கள் சொல்வது இதனால்தான். எல்லைக்கோடு பிரித்தது நாடுகளை. உளி பிடிக்கும் முறை பிரியவில்லை.

வென்சல் ரொஸ்மைஸ்லின் கதையை இங்கே சொல்லாமல் விட மனமில்லை. பேர்லினில் தன் மகனின் பெயரையே வைத்து 'ரோஜர்' என்ற ஆர்ச்டொப்புகளைச் செய்தவர். அவற்றின் முகப்பு ஓரத்திலிருந்து மெல்ல உயராது. விளிம்பைச் சுற்றி ஒரு பள்ளம் ஓடி, அதற்குள்ளிருந்து மேடு எழும். மகன் ரோஜர் ஐம்பதுகளில் அமெரிக்கா போய், கிப்சனில் இருந்து, பிறகு கலிபோர்னியாவில் ரிக்கன்பாக்கருக்குக் கிற்றார்களை வடிவமைத்தார். அறுபதுகளில் ஃபெண்டருக்குப் போனார். அப்பாவின் பள்ளம் அவரோடு கூடவே போனது. அவரிடம் கற்ற செமி மோஸ்லியின் மோஸ்ரைட் கிற்றார்களிலும் அது இருக்கிறது. ஒரு மோஸ்ரைட்டின் ஓரத்தில் விரலை வைத்தால் பேர்லின் பட்டறை தட்டுப்படும். எனக்கு இதைவிடப் பெரிய அடையாள அட்டை தெரியாது.

இப்போது எல்லாம் தலைகீழ். துளைக்குள் விடும் சின்னக் கமெரா கைத்தொலைபேசியோடு பொருந்துகிறது. ஆயிரக்கணக்கான படங்களை ஒப்பிடலாம். அன்று விறகாக இருந்ததைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விற்கிறார்கள். பூபென்ரொய்த்தில் அருங்காட்சியகம் இருக்கிறது, மார்க்நொய்கிர்ஹெனிலும் இருக்கிறது. ஃப்ராமுஸ் என்ற பெயரை வில்ஃபரின் மகன் 1995இல் மார்க்நொய்கிர்ஹெனில் திரும்பத் தொடங்கினார். ஆனால் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்து ஊரைச் சொன்ன அந்தத் தலைமுறை போய்விட்டது. அவர்கள் இருந்தபோது ஒரு கோப்பிக்கு எல்லாவற்றையும் சொல்லியிருப்பார்கள். இன்று அந்த ஒரு வாக்கியத்துக்காக ஆட்கள் நாட்டுக்கு நாடு அலைகிறார்கள். கிழவர் சொன்னதை அன்றிரவே நான் விடுதியில் தமிழில் எழுதி வைத்தேன். அந்தக் கொப்பியிலிருந்து ஜேர்மன்காரருக்கு நான் மொழிபெயர்த்துச் சொல்லும் நாளும் வந்தது.

ஒரு விஷயம் எனக்குப் பொறுக்காது. பெயரில்லாத கிற்றாருக்கு ஹொஃப்னர் தகடு ஒன்றை எங்கிருந்தோ வாங்கித் திருகி, விலையை ஏற்றி விற்பது. செய்த வீட்டின் பெயரை வியாபாரி ஒருமுறை மூடினான். இது இரண்டாவது மூடல். பெரிய பட்டறையின் பெயர் இல்லாவிட்டால் கருவி தாழ்ந்துவிடாது. குடைந்த முகப்புள்ள ஒரு அநாமதேயம், பெயருள்ள ஒட்டுப்பலகையைவிட நன்றாகவே பேசும். என்னுடையது பேசுகிறது: தடித்த கம்பிகளில் அடித்தால் ஓசை சட்டென்று எழுந்து சட்டென்று நின்றுவிடும், தாளம் பிடிக்க அதுதான் வேண்டும்.

ஆகவே, இது எந்த ஊர்க் கை என்று கேட்டுப் படம் அனுப்புகிறவர்களிடம் நான் கேட்பது: முன்பக்கம் வேண்டாம். துளையின் வெட்டுமுகம், விரல்பலகையின் கடைசி முனை, கழுத்து உடலைச் சேரும் அடிக்கட்டை, உள்ளே பின்பலகையில் பென்சிலால் எழுதிய இலக்கம். அந்த இலக்கத்தை எக்காரணம் கொண்டும் துடைக்க வேண்டாம். ஏழுக்கு நடுவே கோடு போட்டிருக்கிறார்களா என்றுகூடப் பாருங்கள். அந்தப் படங்களின் ஒரு பிரதியைப் பூபென்ரொய்த் அருங்காட்சியகத்துக்கும் அனுப்பிவிடுங்கள். வீட்டில் அம்மாவோடு உட்கார்ந்து செலுலாயிட் பட்டை ஒட்டிய பிள்ளைகள் சிலர் அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள்.