நாலு மில்லிமீட்டர் ஆயுதம்

அனுப்புநர்: சர்க்கரைக்காரர் ஒருவர், இருக்கை எண் 34 சி (இன்னும் போய்ச் சேரவில்லை).

பெறுநர்: உயர்திரு அதிகாரி அவர்கள், கைப்பைச் சோதனைப் பிரிவு, பன்னாட்டு விமான நிலையம் (ஊர்ப் பெயரைத் தாங்களே நிரப்பிக்கொள்ளவும்).

பொருள்: இன்சுலின் பேனா, ஊசி, ஐஸ் பை சகிதம் பயணி ஒருவர் உயிரோடு பயணம் செய்ய விரும்புவது – தொடர்பாக.

பார்வை: எக்ஸ்ரே பெட்டிக்கு அந்தப் பக்கமிருந்து தாங்கள் என்னைப் பார்த்த பார்வை.

ஐயா,

மகளின் பிரசவத்துக்காக அமெரிக்கா கிளம்பிய என் கைப்பை தங்கள் பிரிவைக் கலவரப்படுத்தியதற்கு முதற்கண் வருந்துகிறேன். என் கணையம் வேலைநிறுத்தத்தில் இறங்கிப் பல வருடங்கள் ஆகின்றன. பேச்சுவார்த்தைக்கும் வர மறுக்கிறது. வேறு வழியில்லாமல் அதன் வேலையை வெளியாளை வைத்து முடித்துக்கொள்கிறேன். அந்த வெளியாளைத்தான் தாங்கள் பிளாஸ்டிக் தட்டில் தனியே உட்காரவைத்து விசாரித்தீர்கள்.

"இவ்வளவு லிக்விட் எதுக்கு?" என்று கேட்டீர்கள். பின்னால் நின்றவர்கள் பெல்ட்டைக் கையில் பிடித்தபடி முறைத்ததால் அப்போது கணக்குச் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன். எனக்கு நாளொன்றுக்கு 40 யூனிட். மூன்று மாதத்துக்கு 3,600. பேனாவில் போடும் கேட்ரிட்ஜ் ஒன்றில் 300 யூனிட். அதன் கொள்ளளவு 3 மில்லி. ஆக 12 கேட்ரிட்ஜ், 36 மில்லி. ஒவ்வொரு தடவையும் பேனா சரியாக இருக்கிறதா என்று பார்க்க இரண்டு யூனிட் பீய்ச்சிவிடுவதையும் சேர்த்துக்கொண்டாலும் 50 மில்லியைத் தொடாது. நான் மூன்று மாதம் உயிரோடிருக்கத் தேவையான மொத்தத் திரவமும் தாங்கள் கேள்வி கேட்காமல் விடும் ஒரு ஷாம்பு பாட்டிலில் பாதிதான்.

கைப்பையில் கொண்டுபோகும் திரவத்துக்கான அந்த 100 மில்லி விதியின் பூர்வீகம் தங்களுக்குத் தெரியாததல்ல. 2006 ஆகஸ்ட்டில், குளிர்பான பாட்டில்களில் திரவ வெடிமருந்தை நிரப்பி அட்லாண்டிக் கடக்கும் விமானங்களைத் தகர்க்கப் போட்ட சதியை லண்டன் போலீஸ் முறியடித்தது. மறுகணமே பிரிட்டன் விமான நிலையங்களில் கைப்பை என்பதே கிட்டத்தட்ட ஒழிந்தது. பர்ஸ், பாஸ்போர்ட் மாதிரி சிலதை மட்டும் கண்ணாடிப் பையில் எடுத்துப்போகலாம் என்றார்கள். அந்தச் சிறிய பட்டியலில்கூட சர்க்கரை நோயாளியின் மருந்துப் பைக்கு இடம் இருந்தது, ஐயா. ஊரே நடுங்கிக்கொண்டிருந்த அன்றைக்கு அவர்களுக்கு இருந்த நிதானத்தில் கொஞ்சம், இத்தனை வருடம் கழித்துத் தங்கள் மேஜைக்கும் வந்து சேரும் என்று காத்திருக்கிறேன்.

அடுத்தது ஊசி. அதன் நீளம் 4 மில்லிமீட்டர். தடிமன் கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. தோலைத் தாண்டியதோடு அதன் வீரம் தீர்ந்துவிடும். இதை வைத்து நான் விமானத்தைக் கடத்துவதாக வைத்துக்கொள்வோம். விமானி சட்டையைத் தூக்கிக்கொண்டு, வயிற்றில் நான் குத்தி முடித்துப் பத்து எண்ணும்வரை அசையாமல் இருக்க வேண்டும். அவ்வளவு ஒத்துழைப்பு என் வீட்டிலேயே கிடைப்பதில்லை. அமெரிக்காவில் ஸ்வெட்டர் பின்னும் ஊசியையே கைப்பையில் அனுமதிக்கிறார்கள் என்பதை ஒரு தகவலுக்காகச் சொல்லிவைக்கிறேன்.

இதற்கிடையே நடந்த ஒரு சம்பவத்தையும் பதிவு செய்தாக வேண்டும். என் வீட்டம்மாவின் பையில் சின்ன டப்பா ஒன்றில் பிரசவ லேகியம் இருந்தது. கறுப்பாக, களிம்பாக, எந்த லேபிளும் இல்லாமல். தங்கள் ஊழியர் மூடியைத் திறந்தார், முகர்ந்தார், முகம் மலர்ந்தது. "எங்க அம்மாவும் கிண்டுவாங்க" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். தயாரிப்பாளர் பெயர், தொகுதி எண், காலாவதி தேதி எல்லாம் அச்சிட்டு, மருத்துவர் கடிதமும் மருந்துக்கடை ரசீதும் கூடவே வைத்திருந்த இன்சுலின் மட்டும் அப்புறமும் தட்டிலேயே கிடந்தது. அடுத்த முறை கேட்ரிட்ஜ்களை லேகியத்துக்குள் புதைத்து எடுத்து வரலாமா என்று யோசிக்கிறேன்.

"பெரிய பெட்டியில போட்டிருக்கலாமே சார்?" என்றும் கேட்டீர்கள். போட்டிருக்கலாம். சரக்கு அறையின் குளிரில் இன்சுலின் உறைந்துபோகலாம். உறைந்தது மறுபடி உருகினாலும் வேலை செய்யும் என்று நம்ப முடியாது. பார்வைக்கு அதே மருந்தாகவே இருக்கும், அதுதான் வம்பு. பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டால் அது தனிக் கதை. "அங்கே போய் வாங்கிக்கலாமே" என்றார் தங்கள் பக்கத்தில் நின்றவர். அவருக்கு இதைச் சொல்லவும்: நம் ஊரில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், அங்கே வழக்கத்தில் 100. நம் சிவப்பு மூடி சிரிஞ்சை அங்கே கேட்டால் விழிப்பார்கள். அங்கத்திய சிரிஞ்சில் நம் குப்பி மருந்தை 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். அங்கத்திய மருந்தை நம் சிரிஞ்சில் அதே 20 கோடு வரை இழுத்தால் 50 யூனிட். அப்புறம் பேரப்பிள்ளையைப் பார்க்க வந்தவரைப் பார்க்க மற்றவர்கள் வர வேண்டியிருக்கும்.

ஐஸ் பை விவகாரத்தில் தங்கள் நீதி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கல்லாக உறைந்திருந்தால் அது திடப்பொருள், போகலாம். கொழகொழவென்றிருந்தால் திரவம், கூடாது. வீட்டை விட்டுக் கிளம்பும்போது கல்லாகத்தான் இருந்தது, ஐயா. வரிசையில் அரை மணி நேரம், தனி விசாரணையில் கால் மணி நேரம். உருக வைத்தவர்களே உருகியதற்காகக் குற்றம் சாட்டியதை இப்போதுதான் பார்க்கிறேன். மருந்துக்கான ஐஸ் உருகியிருந்தாலும் விடலாம் என்று அமெரிக்க விதி எழுதியே வைத்திருக்கிறது. அதைச் செல்போனில் எடுத்துக் காட்டினேன். சோதனை இடத்தில் போன் உபயோகிக்கக் கூடாது என்றீர்கள்.

ஒருவழியாக விடுதலை கிடைத்து வாயிலுக்குப் போனால், மேலே இடமில்லை, கைப்பையைக் கீழே சரக்கோடு அனுப்புகிறோம் என்று விமான நிறுவன ஊழியர் சிரித்த முகத்தோடு சீட்டு ஒட்ட வந்தார். "மருந்து இருக்கும்மா" என்றேன். "செக்யூரிட்டில விட்டுட்டாங்கள்ல, அப்புறம் என்ன சார் பயம்?" என்றார். தங்களுக்கு இந்தப் பை விமானத்துக்கு உள்ளே போவதே ஆபத்து. அவருக்கு அது எங்கே போனாலும் ஒன்றுதான். இருவரும் ஒரே விதிப்புத்தகத்தைத்தான் படிக்கிறீர்களா என்று கேட்கலாம். படிக்கிறீர்களா என்று கேட்டாலே போதும் என்று தோன்றுகிறது.

நடுவில் விமானம் மாறும் ஊரில் எல்லாம் முதலிலிருந்து மறுபடி நடந்தது. அங்கே கூடுதலாக ஒன்று: கடிதத்தில் மருத்துவர் எழுதியிருந்தது நம் ஊர் பிராண்ட் பெயர், அவர்களுக்குப் புரியவில்லை. மருந்தின் பொதுப்பெயரையும் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதச் சொல்லியிருக்க வேண்டும் என்று அந்த அதிகாரி பொறுமையாக விளக்கினார். கோபமே வரவில்லை, ஏனெனில் அவர் சொன்னது சரி.

எனவே தாங்கள் பெரிய மனது வைத்து, மருந்துக்கு விலக்கு உண்டு என்று ஏற்கெனவே இருக்கும் விதியைப் பெரிய எழுத்தில் அச்சடித்து, எக்ஸ்ரே பெட்டியில் தங்கள் பக்கம் ஒட்டிவைக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் பக்கம் வேண்டாம், எங்களுக்கு மனப்பாடம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சர்க்கரைக்காரர்

இணைப்பு: மருத்துவர் கடிதம், நகல் (அசல் தங்கள் மேஜையில் தேநீர்க் கோப்பைக்கு அடியில் இருக்கிறது).

நகல்: வாயிலில் சீட்டு ஒட்டும் ஊழியருக்கு. தங்கள் இடத்திலிருந்து பார்த்தால் அவர் தெரிவார். ஆனாலும் தபாலில்தான் அனுப்பியிருக்கிறேன்.