எட்டு வாய்ப்புகள், ஒரு மணமகள்

அமெரிக்கக் கால்பந்தில் கல்லூரி வீரர்களை எடுக்கும் டிராஃப்ட்டில், அதிகம் தோற்ற அணிக்கே முதல் வாய்ப்பு. அந்த வாய்ப்பை விற்கலாம், வாங்கலாம், வரப்போகும் ஆண்டுக்கானதையும் அடகு வைக்கலாம். 1990களில் டல்லஸ் அணியினர் விலைப்பட்டியலே போட்டார்கள்: முதலிடம் 3000 புள்ளி, இரண்டாமிடம் 2600. பொருளியலாளர் ரிச்சர்ட் தேலரும் அவரது கூட்டாளியும் கணக்குப் பார்த்தார்கள். எதிர்காலத்தின் மேல் அணிகள் வாங்கும் கடனுக்கு ஆண்டு வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டியது. கந்துவட்டிக்காரரே கூச்சப்படுவார்.

1999இல் நியூ ஆர்லியன்ஸ் பயிற்சியாளர் மைக் டிட்கா, ரிக்கி வில்லியம்ஸ் என்ற ஒரே ஓட்டக்காரருக்காக, அவ்வாண்டு கைவசமிருந்த ஆறு வாய்ப்புகளையும், போதாதென்று அடுத்த ஆண்டின் இரண்டையும் வாஷிங்டனுக்குத் தூக்கிக் கொடுத்தார். பிறகு இருவரும் மணமக்களாக ஒரு பத்திரிகை அட்டைக்குப் போஸ் கொடுத்தார்கள். வெள்ளைக் கவுன் வில்லியம்ஸுக்கு. (சீர்வரிசை மட்டும் மூன்றாம் வீட்டுக்குப் போயிருந்தது.) அந்தப் பருவத்தில் வெற்றி 3, தோல்வி 13. டிட்காவின் வேலை போயிற்று. அணி தோற்கத் தோற்க, விற்றுவிட்ட வாய்ப்பின் மதிப்புதான் ஏறிக்கொண்டே போனது. 2000இல் இரண்டாமிடமே வாஷிங்டன் கையில். லவார் ஆரிங்டனை எடுத்துக்கொண்டார்கள்.