அக்கம்பக்கத்துச் சராசரி

புக்கிட் பாஞ்சாங்,
சிங்கப்பூர்.

அன்புள்ள அத்தைக்கு,

மருமகள் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா, மாமா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா என்று தெரிவிக்கவும். இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை. எங்கள் புளோக்கில் ஏழாம் மாடியில் இருக்கும் வலங்கைமான்காரர் ஊருக்குப் போகிறார். அவர் பெட்டியில் ஏறி, அங்கிருந்து மன்னார்குடி பஸ் பிடித்து உங்கள் கைக்கு வரும். தபால்தலைக் காசு மிச்சம். யோசனை உங்கள் பிள்ளையுடையது.

"சிங்கப்பூர்ல இருந்துக்கிட்டு ஏன்டா அஞ்சுக்கும் பத்துக்கும் கணக்குப் பாக்குற?" என்று போனில் அவரைக் கேட்டீர்களாமே. பதிலை நானே எழுதுகிறேன். போனில் சொன்னால் நீங்கள் ஸ்பீக்கரில் போடுவீர்கள், மேலத்தெரு முழுக்கக் கேட்கும்.

முதலில் கரண்ட் பில். அங்கே இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதைத் தாண்டிவிடக் கூடாதென்று கூடத்து விளக்கை அணைத்துவிட்டு டிவி வெளிச்சத்தில் பூத்தொடுக்கிற ஆள் நீங்கள். இங்கே முதல் யூனிட்டிலிருந்தே காசு. வரியோடு சேர்த்து யூனிட்டுக்கு ஏறக்குறைய 30 காசு, நம் கணக்கில் இருபது ரூபாய். (இங்கே டாலர் என்றால் வெள்ளி, சென்ட் என்றால் காசு. அதனால் காசுதானே என்று அலட்சியமாகப் படிக்காதீர்கள்.)

கரண்ட், தண்ணீர், கேஸ், குப்பை எடுக்கும் கட்டணம் எல்லாம் ஒரே தாளில் வருகிறது. வரட்டும். ஆனால் அந்தத் தாளில் பட்டை பட்டையாக ஒரு படம் போட்டு அனுப்புகிறார்கள், அதுதான் குடியைக் கெடுக்கிறது. நீங்கள் இவ்வளவு செலவழித்தீர்கள், அக்கம்பக்கத்தில் உங்களைப் போலவே நான்கறை வீட்டில் இருப்பவர்கள் சராசரியாக இவ்வளவுதான் செலவழித்தார்கள் என்று அதில் இருக்கும். நம் தெருவில் இந்த வேலையை எதிர்வீட்டு மாமி வாயாலேயே செய்துவிடுவார். இங்கே அச்சடித்து வீட்டுக்கே அனுப்புகிறார்கள்.

உங்கள் பிள்ளை அதை ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டுகிறார். சராசரிக்குக் கீழே வந்தால் அன்றைக்கு வீட்டில் கேசரி. மேலே போனால் விசாரணைக் கமிஷன். ஏசியை 23-இல் வைத்தது யார், சார்ஜரைப் பிடுங்காமல் பள்ளிக்கூடம் போனது யார், இட்லி மாவு அரைக்க வெட் கிரைண்டர் எவ்வளவு நேரம் ஓடியது என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்பார். ஜூன் மாத பில்லில் நாங்கள் மேலே போய்விட்டோம். ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டுக் கண்டுபிடித்துவிட்டார்: "ஸ்கூல் லீவுல்ல? எல்லாரும் ஊருக்குப் போயிட்டான். அதான் சராசரி இறங்கிடுச்சு. நம்ம மேல தப்பில்ல." அதற்கும் கேசரி கேட்டார். நான் கிண்டவில்லை.

குளியலறை ஹீட்டர் கதையையும் கேளுங்கள். இந்த ஊர் வீடுகளில் ஹீட்டர் ஸ்விட்ச் பெரும்பாலும் குளியலறைக்கு வெளியே இருக்கும். கட்டியவர்கள் பாதுகாப்புக்காக வைத்திருப்பார்கள். உங்கள் பிள்ளை அதைத் தனக்குக் கொடுத்த அதிகாரமாக எடுத்துக்கொண்டார். தலைக்கு ஷாம்பு போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும்போது வெளியே 'டக்' என்று சத்தம் வரும். தண்ணீர் ஜில்லென்று இறங்கும். "அஞ்சு நிமிஷம் ஆச்சு" என்று குரல் மட்டும் கேட்கும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்திலேயே இருக்கிற ஊரில் வெந்நீர் எதற்கு என்பது அவர் வாதம். வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஷாம்புக்கு முன்னால் சொன்னால் இன்னும் நியாயமாக இருக்கும்.

தண்ணீரும் இங்கே விலைதான். 2025 ஏப்ரலிலிருந்து ஆயிரம் லிட்டர் 3.24 வெள்ளி, அதற்கு மேல் 9 சதவீதப் பொருள் சேவை வரி. தண்ணீரின் ஒரு பகுதி கடலுக்கு அந்தப் பக்கம் மலேசியாவின் ஜொகூரிலிருந்து குழாயில் வருகிறது. 1962-இல் போட்ட ஒப்பந்தம் 2061 வரைக்கும்தான். அதற்குப் பிறகு என்ன செய்வது என்று இவர்கள் இப்போதே கவலைப்படுகிறார்கள். நீங்கள் ஆவணியிலேயே சித்திரைக்குப் புளி வாங்கி வைப்பீர்களே, அந்த ஜாதி.

அரிசி களைந்த தண்ணீரை முருங்கைக்கும், துணி அலசின தண்ணீரை வாழைக்கும் விடுகிறீர்கள் என்று சம்பந்தி வீட்டில் உங்களைக் கஞ்சம் என்று பேசிக்கொண்டார்கள் அல்லவா? (எங்கள் வீடுதான். சித்தி வாய் அப்படி.) இங்கே ஒரு நாடே அதைச் செய்கிறது. சாக்கடைக்குப் போன தண்ணீரை மறுபடி பிடித்து, வடிகட்டி, மறுபடியும் வடிகட்டி, புற ஊதாக் கதிரைக் காட்டி, 2003-இலிருந்து நியூவாட்டர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெரும்பகுதி சிப் செய்யும் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. கொஞ்சம் நீர்த்தேக்கத்தில் கலந்து, சுத்தமாகிக் குழாய்க்கு வருகிறது. வெளிநாடுகளிலிருந்தெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். உங்கள் வாழைக்கொல்லையை ஒருத்தரும் வந்து பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்த வித்தியாசம் அதுதான். வீட்டுப் பெண்பிள்ளை செய்தால் கஞ்சத்தனம், அரசாங்கம் குழாய் போட்டுச் செய்தால் தொலைநோக்கு.

அடுத்தது பை. 2023 ஜூலை 3-ஆம் தேதியிலிருந்து பெரிய சூப்பர்மார்க்கெட்டுகளில் பிளாஸ்டிக் பை வேண்டுமானால் குறைந்தது 5 காசு கொடுக்க வேண்டும். மூன்று ரூபாய் சொச்சம். அதற்கு இந்த ஊர் பட்ட பாட்டை நீங்கள் பார்க்க வேண்டும். லட்ச வெள்ளிக்கு மேல் கொடுத்து, காருக்கு அல்ல, கார் வைத்துக்கொள்ளும் உரிமைச் சான்றிதழுக்கு மட்டும் கொடுத்தவர்கள்கூட ஒரு கையில் முட்டை அட்டை, மறு கையில் பால், கக்கத்தில் முட்டைக்கோஸ் என்று கடையைவிட்டு வெளியே நடக்கிறார்கள்.

நான் நம் சின்னவன் கல்யாணத் தாம்பூலப் பையை எடுத்துக்கொண்டு போனேன். அதே மஞ்சப்பைதான். மணமக்கள் பெயர், மண்டபத்தின் பெயர், அடியில் 'தங்கள் நல்வரவை நாடும்' என்று உங்கள் பெயரும் மாமா பெயரும், எல்லாம் சிவப்பு எழுத்தில் இருக்கிறதே, அது. ஃபேர்பிரைஸ் சூப்பர்மார்க்கெட் வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற சீன ஆன்ட்டி துணியைத் தடவிப் பார்த்தார், தையலை இழுத்துப் பார்த்தார், "எந்தக் கடை? எவ்வளவு?" என்று கேட்டார். நம்மூரில் கல்யாணத்துக்குப் போனால் சும்மாவே கொடுப்பார்கள் என்றேன். நம்பவில்லை. வீட்டில் இன்னொன்று இருந்தது, கொடுத்துவிட்டேன். இப்போது வாராவாரம் அந்தப் பையோடுதான் சந்தைக்குப் போகிறார். நீங்களும் மாமாவும் நல்வரவை நாடிக்கொண்டு மீன்கடை வரிசையில் நிற்கிறீர்கள். நீங்கள் சுத்த சைவம் என்பது ஆன்ட்டிக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

தமிழ்நாட்டு அரசு 2021-இல் 'மீண்டும் மஞ்சப்பை' என்று ஆரம்பித்ததே, புக்கிட் பாஞ்சாங் கிளை என் பொறுப்பு.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. இங்கே குப்பையைப் பையில் கட்டித்தான் சுவரில் இருக்கிற குப்பைக் குழாயில் போட வேண்டும். கடையில் சும்மா கிடைத்த பைதான் இத்தனை வருஷம் குப்பைக்குப் போனது. அது நின்றதும் வீட்டுக்கு வீடு கவர் பஞ்சம். எங்கள் வீட்டில் ரொட்டி வந்த உறை, அப்பளம் வந்த உறை எல்லாவற்றுக்கும் இப்போது மறுபிறவி.

இனி ரயில். 2013-இலிருந்து 2017 வரைக்கும் காலை 7.45-க்கு முன்னால் நகரத்துக்குள் போய் இறங்கினால் ரயில் கட்டணமே கிடையாதாம். நாங்கள் வந்தபோது அது போய்விட்டது. அந்தத் துக்கம் உங்கள் பிள்ளைக்கு இன்னும் ஆறவில்லை. இப்போது வேலை நாளில் 7.45-க்கு முன்னால் கார்டைத் தட்டி உள்ளே நுழைந்தால் 50 காசு வரைக்கும் கழிவு. அதனால் காலையில் எங்கள் வீட்டில் தீயணைப்பு நிலையத்தில் மணி அடித்த மாதிரி ஓட்டம். ஒரு கையில் சாப்பாட்டு டப்பா, ஒரு கையில் கார்டு, சட்டையின் கடைசிப் பட்டனை லிஃப்டில் போடுவார். அப்பா நுழைவதைப் பார்க்க உங்கள் பேத்தி ஒருநாள் கூடப் போயிருக்கிறாள். 7.44-க்குத் தட்டிவிட்டுத் திரும்பி, கோப்பை வாங்கியவர் மாதிரி கையைத் தூக்கிக் காட்டினாராம்.

இது போக ஒரு குட்டி ரயிலும் 1999-இலிருந்து எங்கள் பேட்டையைச் சுற்றிவருகிறது. ஓட்டுநர் கிடையாது. வீடுகளுக்கு நெருக்கமாகப் போகும் இடங்களில் ஜன்னல் கண்ணாடி தானாகவே மங்கிப்போகும், யார் வீட்டுக்குள்ளும் எட்டிப்பார்க்க முடியாது. எதிர்வீட்டு மாமிக்கு இந்த ரயில் சரிப்படாது.

சரி, 50 காசு மிச்சம். ஆபீஸுக்கு ஒரு மணி நேரம் முன்னால் போய்ச் சேருகிறார். பசிக்கிறது. காப்பிக்கடையில் கோப்பி-ஓ, காயா ரொட்டி, அரை வேக்காட்டு முட்டை. மிச்சம் பிடித்ததைப்போலப் பல மடங்கு ஆகிறது. கேட்டால், "அது சாப்பாட்டுக் கணக்கு, இது போக்குவரத்துக் கணக்கு, ரெண்டையும் கலக்காதே" என்கிறார். தஞ்சாவூர் கல்லூரியில் பி.காம். படிக்க வைத்தது நீங்கள்தான்.

உண்மையில் மிச்சமாவது எங்கே என்று நான் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று, வாசலில் வைத்திருக்கிற கறிவேப்பிலைத் தொட்டி. நடைபாதையில் 1.2 மீட்டர் வழி விட்டுத்தான் எதையும் வைக்க வேண்டும், தட்டில் தண்ணீர் தேங்கிக் கொசுப் புழு வந்தால் அபராதம். அதனால் தினமும் தட்டைக் கவிழ்த்துவைக்கிறேன். பக்கத்து வீட்டு மலாய் அக்கா தொட்டியில் பாண்டான் இலை. அவர் நாசி லெமாக் செய்யும் நாளில் அங்கிருந்து இலை வெட்டுவார், மீன் குழம்புக்கு எங்கள் கறிவேப்பிலையை உருவிக்கொண்டு போவார். இரண்டு வீட்டிலும் இதற்காகக் கடைக்குப் போவதில்லை. அவர் குடியுரிமைக்காரர். 2025 மே மாதம் அவர் குடும்பத்துக்கு 500 வெள்ளி சிடிசி பற்றுச்சீட்டு வந்தது, பாதி சூப்பர்மார்க்கெட்டுக்கு, பாதி அங்காடிக் கடைகளுக்கும் அக்கம்பக்கத்துக் கடைகளுக்கும். பொங்கல் பரிசுக்கு நீங்கள் டோக்கன் வாங்குவீர்களே, அதுவே இங்கே போனில் வருகிறது, வரிசை கிடையாது. எங்களுக்குக் கிடையாது. அந்தச் சீட்டுக்கு அவர் ஒரு மூட்டை அரிசி வாங்கினபோது தூக்கிக்கொண்டு வந்தது உங்கள் பிள்ளை. கூலியாக ஒரு டப்பா ரெண்டாங் கிடைத்தது.

இன்னொன்று நூலகம். புக்கிட் பாஞ்சாங் பிளாசாவுக்குள்ளேயே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் ஏசி போட வேண்டிய நேரத்துக்கு நாங்கள் குடும்பத்தோடு அங்கே. உங்கள் பேத்தி படம் போட்ட புத்தகங்களோடு தரையில் உட்கார்ந்துவிடுவாள். நான் 1935-இல் கோ. சாரங்கபாணி ஆரம்பித்த தமிழ் முரசை வரிவிளம்பரம் வரைக்கும் படிப்பேன். உங்கள் பிள்ளை பங்குச் சந்தைப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு தூங்குவார். அந்த நேரத்துக் குளிர்ச்சிக்கு எங்கள் பில்லில் பட்டை ஏறாது.

மிச்சம் மாதிரி காட்டி ஏமாற்றுவது ஜொகூர். ஒரு வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறதே என்று விடுமுறை நாளில் ஊரே கிளம்புகிறது. எங்களுக்குப் போக்குவரத்தும் சுலபம், 170-ஆம் நம்பர் பஸ் இந்தப் பக்கமாகவே போகிறது. கார்க்காரர்கள் அங்கே மலிவாகப் பெட்ரோல் போட்டுவிடக் கூடாதென்று முக்கால் டாங்க் நிரம்பியிருந்தால்தான் இந்தப் பக்கத்து எல்லையைத் தாண்ட விடுவார்கள். நாங்கள் ஒருமுறை போனோம். உங்கள் பிள்ளை முடிவெட்டிக்கொண்டார், மலிவு. சோப்புத்தூள் வாங்கினோம், மலிவு. மலிவாக இருக்கிறதே என்று தேவையில்லாத இரண்டு வாணலி வாங்கினோம். குடிநுழைவு வரிசையில் நின்ற நேரத்தில் பசித்ததென்று சாப்பிட்டோம், மறுபடி சாப்பிட்டோம். அன்றைய கணக்கை அவர் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல் இன்னும் எழுதவில்லை.

கடைசியாகப் பண விஷயம். இந்த மாதம் இன்னும் அனுப்பவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். 2015 முடிவில் எங்கள் பேட்டைக்கு டவுன்டவுன் ரயில் வந்ததிலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு மாறாமல் ஒரே ரயிலில் போகலாம். அதில் ஏறிப்போய், சிராங்கூன் ரோட்டில் பணம் அனுப்பும் கடைகளின் ரேட் பலகையை ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு, "இன்னும் ஏறும்" என்று தேக்காவில் கத்திரிக்காய் மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார். ரூபாய் விழுந்தது என்று செய்தி வந்தால் டெல்லியில் கவலைப்படுகிறார்களாம். எங்கள் வீட்டில் கேசரி. போன வாரம் வெள்ளிக்குப் பத்துப் பைசா ஏறியது, போதாதென்று விட்டார். நேற்று இருபது பைசா இறங்கியது, இப்போது மறுபடி ஏறும்வரை அனுப்ப மாட்டாராம். பின்கட்டு ஓடு மாற்றுகிற மேஸ்திரியிடம் அடுத்த செவ்வாய்க்கிழமை வரைக்கும் பொறுக்கச் சொல்லுங்கள். அட்வான்ஸ் கேட்டால், உங்கள் டப்பாவிலிருந்து கொடுத்து வையுங்கள். கடுகு டப்பா அல்ல, அதற்குப் பின்னால் இருக்கிற வெந்தய டப்பா.

அன்புடன்,
உங்கள் மருமகள்