துவாரச் சட்டை விசாரம்

ஆராய்ச்சிக்குரிய பொருள்கள் யாவும் அறிஞர்களால் ஆராய்ந்து முடிக்கப்பட்டுவிட்டன என்று மனஞ் சோர்ந்திருப்போர்க்கு ஆறுதலாக, சிலாபம் தொட்டுக் கற்பிட்டி வரையில் நீளும் எங்கள் கடற்கரையில் இன்னும் தீராத பிரச்சினை ஒன்று உண்டு. உப்பு விளைவதற்கென்றே வெயில் காய்கின்ற இந்தப் பிரதேசத்தில், புத்தி தெளிந்த குடும்ப ஸ்திரீகள் சிலர் பிற்பகல் தோறும் விறாந்தையில் அமர்ந்து, முன்பக்கம் பொத்தான் வைத்த கம்பளிச் சட்டையை, அதாவது கார்டிகனைப் பின்னிக்கொண்டிருப்பதன் காரணம் யாது? "பொழுது போகாமைதான்" என்று சொல்லிவிட்டு நகர்வோர் தத்துவ விசாரத்துக்கு லாயக்கற்றவர்கள். அவர்கள் இவ்விடத்திலேயே இறங்கிக்கொள்ளலாம்.

சரித்திரத்திலிருந்து தொடங்குவதே முறை. 1344ஆம் ஆண்டிலே புத்தளத்தில் வந்திறங்கிய இபுனு பதூதா, கரை நெடுகிலும் கறுவாக் கட்டைகள் குவிந்து கிடந்ததையும், அவற்றை விலையின்றி ஏற்றிச் சென்ற மாபார், மலையாள வணிகர்கள் அதற்கு ஈடாக அரசனுக்குத் துணி முதலியவற்றை உபகாரமாகக் கொடுத்ததையும் எழுதிவைத்தார். நூற்சரக்கானது எங்கள் கரைக்குத் தேவை பற்றி வருவதன்று, வாய்ப்புப் பற்றி வருவது என்னும் சித்தாந்தத்துக்கு இதனினும் மேலான பிரமாணம் வேண்டுவதில்லை. கற்பிட்டியில் 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டி, 1834இல் தாம் வெளியிட்ட இலங்கைக் கசற்றியரில் கார்டிகனுக்கு இடம் தரவில்லையே என்று குறைபடுவோர் காலக் கணக்கு அறியாதவர்கள். அச்சட்டைக்குப் பெயர் ஈந்த கார்டிகன் பிரபு, கிரைமியாவில் பலக்லாவா என்னுமிடத்தே தம் குதிரைப்படையைப் பீரங்கிகளின் வாய்க்கு நேரே நடத்திச் சென்று கீர்த்தி பெற்றது 1854இலேதான். அதன் பின்னர் காசிச்செட்டி உயிரோடிருந்த ஆறாண்டில் புலவர் சரித்திரமாகிய 'தமிழ் புளூட்டாக்'கை வெளியிட்டார். ஒரு மனிதர் எத்தனையைத்தான் கவனிப்பது! நிற்க, அந்த ஒரே யுத்தம் ராக்லன் பிரபுவின் பெயரால் ஒரு சட்டைக் கையையும், பலக்லாவாவின் பெயரால் நம்மவர் மலைநாட்டு யாத்திரையிலே காதுவரை இழுத்துவிடும் குரங்குத் தொப்பியையும் உலகுக்குத் தந்தது. யுத்தத்தின் மற்றப் பலன்களைப் பற்றிச் சரித்திராசிரியர்கள் இன்னும் தர்க்கித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இனிக் காரணம். ஆடை தேவைப்பட்டது, ஆகவே நூல் வாங்கப்பட்டது என்பது உலக நியாயம். எங்கள் கரையிலோ நூல் வாங்கப்பட்டது, ஆகவே ஆடை தேவைப்பட்டது. துணிக்கு நூல் முதற்காரணம், அதைச் செய்வோன் நிமித்த காரணம் என்பர் தருக்க நூலார். இங்கே நிமித்த காரணம் பின்னுகின்ற பெண்மணியல்லள்; கடைவாசலில் தொங்கிய கழிவு விலைப் பலகையே. அப்பலகையைக் கண்டு நிறுவையில் வாங்கப்பட்ட அக்ரிலிக் நூற்பந்துகள், அலுமாரியின் அடித்தட்டில், பழைய பிஸ்கற்று டின்னுக்குள்ளே, இரண்டு இரப்பர் வளையங்களோடும் ஒற்றைப் பொத்தானோடும் வாசஞ் செய்கின்றன. டின்னின் மூடி மூட மறுக்கும் நாளிலே ஆடையின் தேவை உதயமாகிறது.

தேவைவாதிகள் இதற்கு ஆட்சேபம் கூறுவர்: நுவரெலியா கடல்மட்டத்துக்கு மேல் 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறதே, அங்கே போகச் சட்டை வேண்டாமோ என்று. வேண்டும். ஆயினும் அவ்வூர்ப் பேல் பஜாரிலே ஆயத்தக் குளிர்ச்சட்டைகள் மலிவாய்த் தொங்குகின்றன. சொந்தப் பின்னலை அணிந்து பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களும் அங்கே இரண்டு வாங்காமல் திரும்பியதை நான் கண்டதில்லை. ஆட்சேபம் வீழ்ந்தது.

அடுத்தது, துவாரம். உஷ்ண தேசத்துக் கார்டிகன் லேஸ் வேலையாகவே அமைவது தற்செயலன்று. நூலை ஊசிமேல் ஒரு சுற்றுச் சுற்றினால் கண் ஒன்று கூடும், அவ்விடத்தில் ஓட்டை ஒன்று பிறக்கும். பக்கத்துக் கண்கள் இரண்டை ஒன்றாகச் சேர்த்துப் பின்னினால் கூடிய கண் கழியும். வரவும் செலவும் சமன். ஓட்டை மட்டும் லாபம். மெல்லிய நூலைத் தடித்த ஊசியில் ஏற்றினாலோ, நாலு பந்து நூல் ஆறு பந்தின் பரப்பை நிரப்பும். சிக்கனமும் காற்றோட்டமும் ஒருங்கே சித்திக்கும் இம்மார்க்கத்தை எங்கள் கரை எளிதில் ஏற்றுக்கொண்டதற்குக் கரைவலையே காரணம் என்பது என் துணிபு. கைப்பக்கத்தில் பெருங்கண்ணாய்த் தொடங்கி, மடியை நெருங்க நெருங்கக் கண் சிறுத்து வரும் அந்த வலையைக் கண்டு வளர்ந்தவர்களுக்கு ஓட்டையும் ஒரு பொருளே. உடப்பில் வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவரிடம் அவர் தம்பி மகள் தன் பின்னலைக் காட்டியபோது, அவர் அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, "கண்ணப் பெருசாக்கினா மீன் போயிடும் பிள்ளை. ஒன்ட சட்டையில என்ன போகணும்?" என்றார். "காத்துப் போகணும் பெரியப்பா." மேலுக்குச் சட்டையின்றி அமர்ந்திருந்த அவர், "அது எனக்குச் சும்மாவே போகுதே" என்று மறுபடி வலையைக் கையில் எடுத்தார். இவ்வாதத்துக்கு நான் இன்னும் மறுப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஓட்டையும் ஒரு பொருள் என்பதற்குச் சாத்திர சம்மதமும் உண்டு. அன்னம்பட்டர் தம் தருக்க சங்கிரகத்திலே அபாவம், அதாவது இன்மை, ஏழாவது பதார்த்தம் என்றும் அது நால்வகைப்படும் என்றும் வகுத்தார். நான்கும் கார்டிகனில் அமைந்திருக்கக் காணலாம். பின்னுமுன் சட்டை இல்லாமை பிராகபாவம். இது ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். ஒரு வரிசையில் கண் தவறி, முழங்கைவரை பிரித்தபின் சட்டை இல்லாமை பிரத்துவம்சாபாவம். இடக்கை வலக்கையன்று என்பது அந்நியோந்நியாபாவம். அளந்து பின்னினும் இது மாறுவதில்லை. நான்காவதாகிய அத்தியந்தாபாவம், முக்காலத்திலும் இல்லாமை, மிகக் கொடியது: நூல் குறைந்து மறுபடி கடைக்குப் போனால், அதே சாயத் தொகுதியின் நூல் அங்கே இராது. வேறு தொகுதி இருக்கும்; கடையின் டியூப் லைற்றின் கீழ் ஒன்றாகவே தோன்றும்; வீட்டு முற்றத்து வெயிலில் இரண்டு பச்சையாய்ப் பிரியும்.

மெய்யான ஆட்டுரோம லேஸை நனைத்து, ஊசி குத்தி விரித்துக் காயவிட்டால், ஓட்டைகள் மலர்ந்து அப்படியே நிற்கும். அக்ரிலிக் பிளாஸ்ரிக் சாதி. நீருக்கு அடங்காது, ஊசியை எடுத்ததும் சுருங்கும். பொறுமையிழந்து சூடான ஸ்திரிக்கைப் பெட்டியை வைத்தாலோ துவண்டு, பின் எக்காலத்திலும் நிமிராது. மலிவுக்குச் செலுத்தும் வரி இதுவே.

ஆகவே புத்தளக் கரைக் கார்டிகன் குளிருக்காகப் பிறந்ததன்று, கழிவு விலைக்காகவே பிறந்தது என்பது முடிபு. மறுப்போர் முதலில் தம் வீட்டு அலுமாரியைத் திறந்து பார்த்துவிட்டு எழுதுக. நூல் வாங்குவோர்க்கு மட்டும் ஒரு விண்ணப்பம்: பந்தைச் சுற்றியுள்ள காகிதத்தை எறிந்துவிடாதீர்கள்; சாயத் தொகுதி எண் அதில்தான் இருக்கிறது.