ஒரே இழுப்பு

ஒரே கல்லில் செதுக்கிய 32 அடி ஆஞ்சநேயர் நிற்கிற ஊர் நங்கநல்லூர். ஆனால் இங்கே பால்கனி ஓரத்துக்கு நாலு டைல்ஸ் வெட்டிப் பதிக்க ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. "நாலு டைல்ஸுக்கு யார் சார் வருவா? வீடு பூரா மாத்தறதா இருந்தா சொல்லுங்க" என்பார் மேஸ்திரி. அதற்காக வீட்டைப் பெயர்க்க மனம் வராதவர்கள், தாமே உட்கார்ந்து வெட்ட வேண்டியதுதான்.

பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். சின்ன கார்பைடு சக்கரம் வைத்த கட்டர், மூலமட்டம், பென்சில், ஒரு துண்டுக் கம்பி. அளவைக் குறித்து, மூலமட்டத்தை அழுத்திப் பிடித்து, டைல்ஸின் மேல்பக்கத்தில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே இழுப்பு. 'கிர்ர்' என்று சத்தம் அறாமல் வரவேண்டும். பூச்சின் மேல் மயிரிழைக் கீறல் விழும். கோட்டுக்கு நேர் கீழே கம்பியைக் கொடுத்து, இரண்டு பக்கமும் உள்ளங்கையால் அழுத்தினால், 'டக்'. உண்மையில் நாம் வெட்டுவதே இல்லை. எங்கே உடையவேண்டும் என்று சொல்லிவைக்கிறோம், அது உடைகிறது.

ஆனால் ஒரு தடவைதான் சொல்லலாம். அதே கோட்டில் மறுபடி இழுத்தால் ஓரம் பொரிந்து, முறிவு கோணலாகப் போகும். எங்கள் வீட்டுக்கு இது சுத்தமாக ஒத்துவராத சட்டம். ஒரே தடவை சொல்லி இங்கே பால் பாக்கெட்கூட வீட்டுக்குள் வந்ததில்லை.

"ஏன்னா, எதுக்கும் இன்னொரு தடவை இழுத்துடுங்கோளேன்" என்றாள் மனைவி. மாடி வீட்டு மாமா நாற்காலி போட்டுக்கொண்டு, "எங்க காலத்துல ரெட் ஆக்சைடு தரைடா. வெட்டவும் வேண்டாம், ஒட்டவும் வேண்டாம்" என்றார். நல்லவேளை, மீனம்பாக்கம் பக்கத்தில் இருக்கிறது. விமானம் தலைக்கு மேல் போகிற நேரமாகப் பார்த்து இழுத்துவிட்டால், யோசனை ஒன்றும் காதில் விழாது.

இந்த வித்தையெல்லாம் செராமிக்கிடம்தான் சுலபமாகச் செல்லும். விட்ரிஃபைடு வேறு ரகம். அரை சதவீதத்துக்கு மேல் தண்ணீர்கூடக் குடிக்காது, அத்தனை இறுக்கம். சாதாரணக் கைக்கட்டருக்கு அது மசியாவிட்டால் வைர பிளேடு போட்ட மெஷினை எடுக்கவேண்டும். அது கிளப்பும் தூசியில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலுக்கு ஆகாது. கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு நல்ல மாஸ்க் இல்லாமல் அதைத் தொடக்கூடாது. ஒரு அங்குலத்துக்கும் குறைவான பட்டை எந்த ரகமானாலும் நேராக ஒடிவது கஷ்டம். குறடால் கொறித்துக் கொறித்துத்தான் எடுக்கவேண்டும். கொறித்த ஓரத்தைச் சுவர்ப் பக்கம் தள்ளிவிட்டால் ஸ்கர்டிங் மானத்தைக் காப்பாற்றும்.

மறுநாள் சிமெண்ட் இறுகியதும் மாமா ஆய்வுக்கு வந்தார். கட்டைவிரலால் ஒவ்வொரு இணைப்பையும் தடவிப் பார்த்தார். குறை எதுவும் சிக்கவில்லை. "வாட்டம் சரியா இருக்கோ?" என்று ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினார். தண்ணீர் நல்ல பிள்ளையாக நேரே துளைக்குள் போய் இறங்கியது. மாமா கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.

"எதுக்கும் இன்னொரு சொம்பு கொண்டா."